லினக்ஸுக்கு மாறிய வயல்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் பத்து அறை வைத்து ஒரு லாட்ஜ் கட்டினேன். இந்தப் பாறையில் அஸ்திவாரம் நிற்காது என்று சொன்ன என்ஜினீயர் பின்னாளில் குடும்பத்தோடு வந்து அதே லாட்ஜில் தங்கிவிட்டுப் போனார். தண்ணீரே கிடையாது என்று எல்லோரும் கையை விரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். தென்காசியில் வீடு கட்டினேன். இலத்தூரில் வயல் வாங்கினேன். மகளை என்ஜினீயரிங் படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை, அன்றைக்கு டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

இந்த வரிசையில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸை விட்டு இப்போது லினக்ஸில் ஓடுகிறது. அதில் என் மனைவி விளையாடுகிறாள். அதைச் செய்தது என் மகள் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. செய்தது அவள்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுக்க அவள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை லாட்ஜுக்காகத்தான் வாங்கினேன். பிறகு அறை பதிவு எல்லாம் செல்போனுக்குப் போய்விட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தேன். அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதுவரை லாட்ஜை நான் பார்த்தேன், வயலை அவள் பார்த்தாள். இனி வரப்பில் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லவும் வயலைக் குத்தகைக்கு விட்டோம். விட்ட அன்றைக்கு அவள், "யாருக்குக் காப்பி வேணும்?" என்று மட்டும் கேட்டாள். குத்தகைக்காரருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். விவசாய விளையாட்டு. ஒரு துண்டு நிலமும் ஒரு மண்வெட்டியும் கொடுப்பார்கள். கொத்தி, விதைத்து, தண்ணீர் விட்டு, விளைந்ததை விற்று மாடு வாங்கலாம், தொழுவம் கட்டலாம். அங்கேயும் மழைக்காலம், பனிக்காலம் எல்லாம் உண்டு. முதல் வாரம் மௌஸைப் பிடிக்கவே தடுமாறினாள். பிறகு நான் லாட்ஜிலிருந்து சாப்பிட வரும்போது சோறு மூடி வைத்திருக்கும், ஆள் முன்னறையில் இருப்பாள்.

ஒரு நாள் உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "இன்னிக்கு மழைங்க. தண்ணி பாய்ச்ச வேண்டாம்."

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. "எங்கன மழை?"

"எனக்கு மழை" என்றாள்.

வந்தவர்கள் போனவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். "இல்லாத மாட்டுக்குப் புல்லு அறுக்கா பாருங்க."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "உங்க லாட்ஜுல மட்டும் என்ன வாழுதாம்? இன்னிக்குக் குளிச்சவன் நாளைக்கு இருக்கானா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குக் கிளம்பினேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது என்று ஒரு அறிவிப்பு வர ஆரம்பித்தது. சாரல் தொடங்கிய வாரம் மகள் வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"அப்பா, புது விண்டோஸ் இந்தப் பெட்டில ஏறாது. ஒண்ணு, புதுசு வாங்கணும். இல்லன்னா லினக்ஸ் போடலாம்."

வாங்க எனக்கு வக்கில்லாமல் இல்லை. வாங்கிவிடுவோம் என்றுதான் சொன்னேன். மனைவிதான் மறித்தாள். "ஓடுத மாட்ட எதுக்குச் சந்தைக்கு ஓட்டணும்? எதையும் போடுங்க. என் வயலு மட்டும் போயிரப்பிடாது."

"அது எங்கயும் போகாதும்மா. நீ விளையாடுனது எல்லாம் இன்டர்நெட்டுல ஒரு காப்பி இருக்கும். புது சிஸ்டம் போட்டு லாகின் பண்ணுனா தானா இறங்கிரும்" என்றாள் மகள். பிறகு என்னிடம், டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு அதிலேயே லினக்ஸ் போடப்போகிறேன் என்றாள்.

அழிப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. லாட்ஜ் புதிதாக நடந்துகொண்டிருந்த காலம், நல்ல சீசன். புது மோட்டார் இறக்கினோம். இறக்கிய கையோடு பழைய மோட்டாரைக் காயலான் கடைக்குத் தூக்கிவிட்டேன். மத்தியானம் புது மோட்டார் புகைந்துவிட்டது. பத்து அறையிலும் ஆள். தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஒருவர் துண்டோடு ஆபீஸுக்கு வந்து நின்றார். மலையிலிருந்து ராப்பகலாகத் தண்ணீர் கொட்டுகிற ஊரில், என் லாட்ஜில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு வாங்கிய ஏச்சில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். புதுசு தண்ணீர் எடுத்து, தொட்டி நிறைந்து, குழாயில் வந்ததைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் பழையதில் கை வைக்கக் கூடாது.

"ஏட்டி, பழைய டிஸ்க்க அழிக்காத. கழத்தி வச்சிட்டுப் புது டிஸ்க்குல போடு."

"அப்பா, தேவையே இல்ல. வீண் செலவு."

"செலவு என்னோடது. கழத்து."

"கம்ப்யூட்டரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"மோட்டாரப் பத்தித் தெரியும்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களைச் சிரிக்க விட்டுவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்தேன். பழையதைத் துண்டில் சுற்றிப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில்.

அன்றைக்கு மத்தியானமே லினக்ஸ் ஏறிவிட்டது. மகள் கெட்டிக்காரி, அதில் சந்தேகம் இல்லை. விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு இதில் எப்படி ஓடும் என்று கேட்டேன். விளையாட்டு விண்டோஸ் பாஷையில் கேட்கும், நடுவில் ஒன்று நின்று அதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொல்லத்திலிருந்து வருகிற குடும்பம் மலையாளத்தில் என்ன கேட்டாலும், எங்கள் லாட்ஜில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் நடுவில் நின்று சமையல்காரருக்குத் தமிழில் சொல்லிவிடுவார். கேட்டவருக்குக் கஞ்சி வரும், கொடுத்தவருக்குச் சங்கடம் இருக்காது. இதைச் சொன்னதும் மகள், "பரவால்லையேப்பா" என்றாள்.

விளையாட்டு திறந்தது. பாட்டுச் சத்தம் கேட்டு என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது என் வயல் இல்ல."

"அதான்மா. உன் பேருல்லா போட்டிருக்கு."

"பேரு இருக்கட்டும். என் கிணறு எங்க? தொழுவம் எங்க? இந்தக் கன்னுக்குட்டி இப்பம் பசுவாகி, அதுவே ரெண்டு ஈத்து ஈனிருச்சு. நான் ஒண்ணொண்ணா வச்ச பழமரம் ஒண்ணயும் காணலயே."

மகள் எதையோ தட்டித் தட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. இன்டர்நெட்டில் இருந்த காப்பி ரொம்பப் பழையது. அதற்குப் பிறகு ஒன்றுமே மேலே போய்ச் சேரவில்லை.

"கம்ப்யூட்டருக்கு வார நெட் வயரு, இன்னிக்கு நான் சொருகுத வரைக்கும் ஏன் கழண்டு கெடந்துச்சு?"

அது நான் கழற்றியது. இடி இடித்தால் எங்கள் வீட்டில் எல்லா வயரையும் பிடுங்கிவிடுவேன். ஒரு தடவை மின்னல் இறங்கி லாட்ஜில் டிவிகள் போனதிலிருந்து அப்படி. ஏதோ ஒரு இடியில் பிடுங்கிய நெட் வயரை யாரும் திருப்பிச் சொருகவில்லை. விளையாட்டு நெட் இல்லாமலே ஓடியதால் யாருக்கும் தேவைப்படவில்லை.

"நீங்க பிடுங்குனதாலதான்ப்பா இவ்வளவும்."

"பிடுங்கலன்னா பெட்டியே எரிஞ்சிருக்கும்ட்டி."

நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. "யாருக்குக் காப்பி வேணும்?" என்று கேட்டாள்.

அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். குத்தகைக்காரர் வந்த அன்றைக்குக் கேட்ட குரல். அன்றைக்கு அதைக் காப்பி போடுகிற குரல் என்றே எடுத்துக்கொண்டேன். அது அப்படிப்பட்ட குரல் இல்லை என்பது இந்த முன்னறையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. மண்ணில் இருந்த வயலை விட்டாள். திரைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றைத் தானாகவே உண்டாக்கிக்கொண்டாள், யாரிடமும் ஒன்றும் கேட்காமல். நான் பாறையில் லாட்ஜ் எழுப்பியதைப் போலத்தான் அதுவும். அதையும் நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பீரோவைத் திறந்தேன். துண்டோடு கொண்டுவந்து மகள் மடியில் வைத்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓடிப்போய் வயர் எடுத்து வந்து அதை மாட்டினாள். உள்ளே தேடி, விளையாட்டின் பழைய கோப்புகளைக் கண்டுபிடித்து, புது டிஸ்க்கில் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். மறுபடி திறந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இன்டர்நெட்டில் இருப்பதை வைக்கவா, கம்ப்யூட்டரில் இருப்பதை வைக்கவா? ஒன்றை அமுக்கினால் மற்றது போய்விடும். அவள் விரல் மௌஸ் மேல் நின்றது.

"பொறு. முதல்ல பழைய டிஸ்க்கக் கழத்து. கழத்தி என் கையில குடுத்துட்டு அமுக்கு."

இந்தத் தடவை அவள் எதிர்த்துப் பேசவில்லை. கழற்றிக் கொடுத்தாள். நான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவள் அமுக்கினாள்.

கிணறு வந்தது. தொழுவம் வந்தது. வரிசையாக மரங்கள். என் மனைவி நாற்காலியைத் திருப்பி, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"எல்லாம் இருக்கு" என்றாள். பிறகு மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எம் மக்கா, நீ இல்லன்னா என் வயலு போயிருக்கும்."

நான் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

மகள் பெங்களூருக்குத் திரும்பியதும் இதை இங்கிலீஷில் ஒரு கட்டுரையாக எழுதி, இதே மாதிரி லினக்ஸில் விளையாடுகிறவர்கள் கூடும் ஒரு தளத்தில் போட்டாள். நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். போனில் எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில், "அதிர்ஷ்டவசமாகப் பழைய டிஸ்க் அழியாமல் இருந்தது" என்று வந்தது.

"நிறுத்து. யார் வசமா?"

"அப்பா, அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"அது தானா நடந்து பீரோவுக்குள்ள போச்சா?"

சிரித்தாள். பேச்சை மாற்ற வேண்டும் என்று, லினக்ஸை எழுதியவர்களைப் பற்றிச் சொன்னாள். ஒரு கம்பெனி மட்டும் எழுதியது இல்லையாம். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் எழுதுகிறார்களாம், சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்களும் உண்டாம். ஒரே ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தவனுக்குக்கூட, இந்த வரி இன்னாருடையது என்று பேர் நிற்குமாம். அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்படியானால் நான் கேட்பதில் என்ன தப்பு?

"கேக்காருல்லா, போட்டுவிடுட்டி" என்று என் மனைவி பக்கத்தில் இருந்து சொன்னாள். "நெட் வயரப் பிடுங்குனதும் இவருதான்னு அதையும் சேத்துப் போடு."

போடட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை, அதுவும் நான் செய்ததுதான். மகள் மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்கிறாள், சீசனும் முடிந்துவிட்டது, இன்னும் மாற்றவில்லை. அதனால் இங்கே எழுதியே கேட்கிறேன். அந்தக் கட்டுரையில் அதிர்ஷ்டம் என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொன்னதும், பூட்டி வைத்ததும், அமுக்குவதற்கு முன்னால் கையில் வாங்கிக்கொண்டதும் அப்பா என்று எழுத வேண்டும். பக்கத்தில் என் பேரைப் போட வேண்டும், முழுப் பேர், இனிஷியலோடு.