செங்கேணி அத்தையும் கரையேறிய ஆமையும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். இப்போது கடலோரப் பிள்ளைச்சாவடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, லீவுக்கு வந்த பேத்தி எழுதுகிறாள்.

இன்று காலை வலையில் சிக்கிய பெண் ஆமையின் கழுத்தில் ஊசி குத்தி, காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி ரத்தம் எடுத்தாள். "முட்டைக்கருவுக்கான புரதம் இந்த ரத்தத்துல இருக்கான்னு பாப்போம் ஆயா. ஆமை முட்டை வெக்கப் போகுதான்னு அதுல தெரியும்" என்றாள். ஈர ஓட்டின் பாசி வாடை முகத்தில் அடித்தது. என் எட்டு வயதில் அடித்த அதே வாடை.

அப்போதெல்லாம் முட்டையிட ஆமை கரையேறினால் எங்கள் ஊர்ப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். பிள்ளையில்லை என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்ட என் செங்கேணி அத்தையும் ஒரு விடியலில் சொம்போடு வந்தாள்.

"நீ கிட்ட வராத. முட்ட வெக்காம திரும்பிடப் போவுது" என்றாள் என் அம்மா.

"ஆமைக்கு அதெல்லாம் தெரியுமா அண்ணி?" என்று அத்தை சிரித்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. தூரத்தில் கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து, மஞ்சள் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள். நான் அவளிடம் போக எழுந்தேன். அம்மா என் பாவாடையை விடவில்லை.

"முட்டை இல்லன்னு தெரிஞ்சா இத என்னம்மா பண்ணுவீங்க?" என்று இன்று ரத்தம் எடுத்த அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அப்பவும் கடல்லதான் விடுவோம் ஆயா. அதோட வீடுதானே அது."

அலையில் விட்டதும் ஆமை போய்விட்டது. நான் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அத்தையின் பெயரைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. கண்ணு, அவ பேரு வர்ற எடத்த மட்டும் கொஞ்சம் படிச்சுக் காட்டு.