‘காரணம்’ கட்டத்தில் சகாயராஜ் எழுதியது

போன புதன்கிழமை காலை, கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது செல்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. ‘சகாயராஜ் எக்ஸ்பயர்டு. நாளை பதினோரு மணிக்கு அடக்கம்.’ மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மாலைக்குள் எங்கள் மாணவர் விடுதி அலுவலகத்தில் இரங்கல் அறிக்கை ஒட்டிவிட்டார்கள். ‘அனைவரிடமும் அனுசரித்துப் போனவர்’ என்று அதில் இருக்கிறது. அவரோடு வேலை பார்த்த எங்களுக்குத் தெரியும், அனுசரித்துப் போகாததற்காகத்தான் அவரை ஆறு வருஷம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தோம். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. பொய் தேவைப்படுகிறவர்கள் உயிரோடு நிறையப் பேர் இருக்கிறோம்.

அடக்கத்துக்கு வேனில் போனோம். மேல்பட்டாம்பாக்கம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: “அவுங்க ஊர்ல சாதிக்கு ஒண்ணா ரெண்டு கல்லறையாமே. இவர எதுல வெக்கிறாங்களாம்?” முன்சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வருஷமாகச் சுற்றி வளைத்துக் கேட்டும் கிடைக்காத தகவல் அன்று பன்னிரண்டு மணிக்குள் கிடைத்துவிட்டது. சிலர் முகத்தில் தெரிந்த நிம்மதியைத் துக்கம் என்றே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

அவர் 2004இல் வேலைக்கு வந்த முதல் நாளே அந்தக் கேள்வி தொடங்கியது. எங்கள் தலைமை எழுத்தர் டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்.

“சகாயராஜுக்கு எந்தப் பக்கம்?”

“நெல்லிக்குப்பம் பக்கம் சார்.”

“அதுல?”

“பாலூர் ரோட்ல உள்ள போவணும்.”

“அது சரி, ஊர்ல எங்க?”

“கோயிலுக்குப் பின்னாடி சார்.”

“எந்தக் கோயிலு?”

“மணி அடிக்கிற கோயிலு.”

உறவில்லாமலே என்னை மாமா என்று கூப்பிட்ட சகாயராஜ், பேருந்தில் திரும்பும்போது சொன்னார்: “ஊரக் கேட்டா பஸ் ரூட்ட சொல்லணும் மாமா. அதுக்கு மேல கேட்டா, கூட வர்றியான்னு கேக்கணும்.”

ஒவ்வொரு ஜூலையிலும் புதிய மாணவர்களிடையே இதே உரையாடல் நடக்கும். அது எந்த விடுதி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற விடுதிக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். முதல் நாள் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். இரண்டாம் நாள் ‘ஊர்ல எந்தத் தெரு?’ விசாரணை. இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் மச்சான் பதவியை இழந்திருப்பார்கள். பிறகு அறை மாற்றக் கோரும் படிவங்கள் எங்கள் மேசைக்கு வரத் தொடங்கும்.

சகாயராஜுக்கு முன்பு படிவத்துக்கே வேலை இருக்கவில்லை. சேர்க்கைப் பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளிகள் வைப்போம். ஒரு புள்ளிக்காரர்கள் ஓர் அறை, இரு புள்ளிக்காரர்கள் வேறு அறை. தணிக்கைக்கு முன் ரப்பரால் அழித்துவிடுவோம். இதற்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் ‘பிரச்சினை வராம பாத்துக்கறது’. அறை ஒதுக்கும் வேலை கைக்கு வந்ததும் சகாயராஜ் செய்த புரட்சி இவ்வளவுதான்: விண்ணப்பம் வந்த வரிசையில் அறை கொடுத்தார்.

படிவங்கள் குவிந்தன. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. தூசு ஒவ்வாமை, மின்விசிறிச் சத்தம், காலைச் சூரியன் கண்ணில் படுகிறது. நம் மாவட்டப் பிள்ளைகளின் உடல்நிலை ஜூலை மாதத்தில் மட்டும் அவ்வளவு மோசமாகும். சகாயராஜ் படிவத்தைத் திருப்பி நீட்டுவார். “கட்டம் சும்மாவா போட்டு வெச்சிருக்காங்க? உண்மையான காரணத்த எழுதிக் குடுங்க. இன்னைக்கே மாத்தித் தர்றேன்.” ஒருவரும் எழுதியதில்லை.

2006இல் கதிரவன் என்று ஒரு மாணவர் சேர்ந்தார். ஊர் குடிகாடு, ரசாயனத் தொழிற்பேட்டைக்குப் பக்கம். அறைத் தோழர்கள் மூன்று பேர் வழக்கமான விசாரணையை நடத்தியபோது இரண்டாவது கேள்விக்கே “காலனி” என்று சொல்லிவிட்டார். மறுநாள் மூவரும் படிவத்தோடு வந்தார்கள். காரணம்: சக மாணவர் உடைகளில் ரசாயன நெடி.

சகாயராஜ் அறைக்கே போய்க் கதிரவனின் சட்டையை எடுத்து மோந்து பார்த்தார். “தேங்கா எண்ண வாசனதான் வருது. கொஞ்சம் ஜாஸ்தியா தேச்சிருக்கான். வேற இன்னா?”

வேறு ஒன்றும் இல்லை. மூவரும் அறையிலேயே இருந்தார்கள்; கதிரவனின் பெட்டிதான் தினமும் வராந்தாவுக்கு வந்தது. அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். பத்து நாள் கழித்து அவரே படிவத்தோடு வந்தார். “நானே போயிடறேன் சார்” என்றார். காரணக் கட்டத்தில் எழுதியிருந்தார்: ‘என் சாதி தெரிந்ததால் மூவரும் என்னுடன் தங்க விரும்பவில்லை.’

உண்மையான காரணம் எழுதினால் அன்றே மாற்றுவதாகச் சொன்னவர் சகாயராஜ். எழுதியவரோ துரத்தப்படுகிறவர். படிவத்தை இரண்டு தடவை படித்தார். “நீ ஏன்டா போவணும்? போய்ப் படு” என்றார். அன்று மாலைக்குள் மற்ற மூவரையும் மூன்று வெவ்வேறு அறைகளுக்கு மாற்றி, பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் கதிரவனின் வாக்கியத்தை ஓர் எழுத்து விடாமல் எழுதினார்.

மறுநாள் மூவரில் ஒருவரின் தாய்மாமன் வெள்ளைச் சட்டையோடு வந்தார். பின்னாலேயே எங்கள் அதிகாரியும் வந்தார். மாமனுக்குப் பிரச்சினை அறை. அதிகாரிக்குப் பிரச்சினை அந்த வாக்கியம்.

“இன்னாய்யா இது, ஆஃபீஸ் ரெக்கார்டுல இத எழுதி வெச்சிருக்க?”

“நடந்தது சார்.”

“நடந்ததெல்லாம் எழுதறதுக்கு இது டைரியா? நாளைக்கி வெளிய தெரிஞ்சா நம்ம பேரு இன்னா ஆவறது?”

“அந்தப் பையன் பெட்டி வராந்தாவுல கெடந்துச்சே சார். அப்ப நம்ம பேரு எங்க இருந்துச்சு?”

இதைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் ஒரு மாணவனின் பெட்டி வெளியே கிடந்தது ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. அதை ஒரு வரியில் எழுதியது ஒழுங்கீனம். வரியை மாற்ற மறுத்த சகாயராஜ் அந்த வாரமே உணவுக்கூடத்தின் மளிகைக் கிடங்குக்கு அனுப்பப்பட்டார்.

பதிவேட்டைத் திருத்தும் பணி என்னிடம் வந்தது. எனக்குக் காரணங்கள் இருந்தன, எல்லோருக்கும் இருக்கும். அந்த வரியின் மேல் வெள்ளைச் சீட்டு ஒட்டி, ‘நிர்வாக வசதி’ என்று எழுதினேன். உடனே மூவரும் பழைய அறைக்குத் திரும்பினார்கள். அதே நிர்வாக வசதிக்காகக் கதிரவனுக்கு மாடிப்படிக்குக் கீழே, உடைந்த கட்டில்கள் போடும் அறை ஒதுக்கப்பட்டது. அவர் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு, விடுதியையே விட்டுப் போனார். குடிகாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிப்பை முடித்தார். பேருந்தில் பார்ப்போம். அவர் வணக்கம் வைப்பார். நான் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கிடங்கைப் பற்றி சகாயராஜ் குறைபட்டுக்கொண்டதே இல்லை. “பச்சரிசியும் புழுங்கலும் பக்கத்துப் பக்கத்துலதான் கெடக்குது. ஒரு மூட்டையாவது ரூம் மாத்தக் கேட்டு ஃபாரம் குடுத்திருக்கா?” என்பார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அது யாரைப் பற்றிய நகைச்சுவை என்று தெரிந்தே சிரித்தோம்.

அலமாரிச் சாவியை ஒப்படைக்க அவர் வந்த நாளை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். சீட்டின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்கு மாமா” என்றார்.

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஆறு வருஷம் அதே பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசவில்லை.

அவருடைய நினைவாக ஒரு படம் திறக்கலாம் என்று இரங்கல் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறார்கள். திறக்கட்டும். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பாராட்டு. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை.