நெற்றி சுடாத காய்ச்சல்

தேயிலை விலை சரிந்து, என் கணவர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து ஏழாவது படிக்கும் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள், "மனசு என்னமோ பண்ணுதும்மா, லீவு போடட்டா?" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சுடலையே, கிளம்பு" என்றேன். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் எங்களுக்கும் காய்ச்சல் அடித்தால்தானே லீவு!

அன்று பள்ளியில் மனநலம் பற்றிய வகுப்பு. நடுவிலேயே அவள் தேம்பி அழ, என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"ஏழாவது புள்ளைக்கு என்னம்மா மனசு? இந்த வகுப்பே வேண்டாம்னு சொன்னேன்" என்றார் தலைமையாசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க சார், அந்த வகுப்பு நடந்ததாலதானுங்க எம்புள்ள மனசு விட்டு அழுதிருக்கா!" என்று கத்திவிட்டேன். வெளியே வந்ததும்தான் உறைத்தது, காலையில் நானும் அவள் மனசை மதிக்கவில்லையே.

இப்போதெல்லாம் அவள் மனசு சரியில்லை என்றால் லீவு போட விடுகிறேன்; விடுப்புக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்று பொய்யும் எழுதுவதில்லை. 'மனசு சரியில்லை' என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். தலைமையாசிரியர் அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.