சத்தம் கேட்டதும் ஓடிருவோம்

இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற மெஷினைப் பார்ப்பவர் அவர். புருவத்தில்கூடத் தேயிலைத் தூசி. பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை முடிந்து வெளித் தாழ்வாரத்துக்கு வந்தார். "காதுக்கு ஒண்ணும் மாட்டுறதில்லையா?" என்று கத்திக் கேட்டேன்.

"எதுக்குங்க? முந்தி தலை வெடிக்கும். இப்ப மெஷின் சத்தம் கொறஞ்சிருச்சு."

மெஷினை யாரும் திருத்தவில்லை. தள்ளி நின்ற எனக்கே பல் கூசியிருந்தது.

அவர் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"சரியுறதுக்கு முன்னாடி மலை சத்தம் போடுங்க. கேட்டதும் எல்லாரையும் எழுப்பிக்கிட்டு ஓடிருவேன். லயமே என்னைய நம்பித்தான் தூங்குது."

வெளியே இருட்டில் ஒன்றும் தெரியவில்லை; எங்கள் தலைக்குமேல் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து துண்டை உதறினார்.

"மழை விட்டுருச்சு போல. வர்றேங்க."