மாமாவை உட்கார வைத்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்தவள் நான். எழுதினால் பெற்ற தாயைக் குறை சொன்னதாக ஆகிவிடும், சாமி காரியத்தைப் பழித்ததாகவும் சிலர் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம். பேனாவை எடுப்பதும், அப்புறம் பூஜையறைக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டுப் பேசாமல் வந்துவிடுவதுமாகவே காலம் போனது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாமாவைப் பற்றி எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். இனியும் சும்மா இருந்தால் பாவம் என்று பட்டது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஆளுக்கு முப்பது வயது, மனசுக்கு ஆறேழு வயது. கொமரலிங்கத்தில் அப்புச்சியோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு இருந்தார். அப்புச்சி முரட்டு மனிதர். மகனுக்குப் புத்தி பத்தாது என்று தெரிந்தும் தண்ணீர் சுமக்க, சாணி அள்ள, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்வர என்று பகலெல்லாம் விரட்டிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்து அம்மா அழாத நாளில்லை. அப்புச்சி காலமானதும் மாமாவைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து, பூஜையறை முன்னால் நிறுத்தி, இனி என் தம்பி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம் என்று முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பனியன் கம்பெனி. வந்த புதிதில் மாமா வாசலுக்கும் கம்பெனிக்கும் நடந்துகொண்டே இருப்பார். தையல் மிஷின் வரிசைக்கு நடுவே போவார், கட்டிங் டேபிளைச் சுற்றுவார், திரும்ப வருவார். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். ஆளாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங் சாமி" என்பார்கள்.

அப்போது ஒரு சம்பவம் நடந்தது. ஒரு ஷிப்மென்ட்டில் கலர் வித்தியாசம் வந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் பார்த்தால் மொத்தத்தையும் கழித்துவிடுவான் என்று வீடே கலங்கிப்போயிருந்தது. அன்றைக்கு அம்மா படைத்த கேசரி முழுவதையும் மாமா உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டு முடித்தார். சரக்கு பாஸாகிவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்டெய்னர் கிளம்புவதற்கு முன்னால் மாமா வயிறு நிறைய இனிப்புச் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் ஒரு சாங்கியமாகவே ஆகிவிட்டது. மாமா ஏப்பம் விட்ட பிறகுதான் லாரியின் கதவைச் சாத்துவார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் லட்டு, மைசூர்பாகு என்று தட்டோடு வரத் தொடங்கினார்கள். வெகுளிப் பிள்ளை வயிறு குளிர்ந்தால் சாமி வயிறு குளிர்ந்த மாதிரி என்றார் அம்மா. போதும் என்று சொல்ல மாமாவுக்குத் தெரியாது. சொன்னாலும் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்றரை வருடத்தில் மாமாவின் சட்டைகள் எல்லாம் அவருக்குப் பத்தாமல் போய் எனக்குத் தலையணை உறையாகின. தினமும் காலையில் அப்பா வாக்கிங் போவார். அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். மாமா அப்பாவின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டருகே நிற்பார். தானும் வருகிறேன் என்று அர்த்தம். அப்பா ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு, "உனக்கு எதுக்கு சாமி இந்தத் தொல்லை, உனக்கென்ன சக்கரையா இருக்குது?" என்று சிரித்துவிட்டுப் போவார். எனக்கும் சிரிப்பு வரும்.

நான் ஐந்தாவது படித்த வருடம் தைப்பூசத்துக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டம் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியது. கட்டிங் மாஸ்டர்தான் தலைமை. தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பச்சை வேட்டியும் மாலையுமாக எல்லாரும் விடிந்ததும் எங்கள் வாசலில் வரிசையாக வந்தார்கள். அம்மா ஒவ்வொருவர் காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கும்பிட்டு அனுப்பினார். நடந்து போகிற கால் முருகனின் கால் என்று தலையை நிமிர்த்தவே இல்லை.

கூட்டம் போய் வெகுநேரம் கழித்துத்தான் மாமாவைக் காணோம் என்று தெரிந்தது. கம்பெனி, கக்கூஸ், மொட்டை மாடி எல்லாம் தேடினோம். பூஜையறையில் அம்மாவின் துளசி மாலையும் இல்லை. அதைப் பார்த்ததும் அப்பா காரை எடுத்தார். அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம்.

தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவர்களைப் பிடித்தோம். உச்சி வெயில். மற்றவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாமா மட்டும் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டரின் தோளைத் தட்டி, எழுந்திரு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும், "அக்கா, நடக்கறேன்" என்றார்.

அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். அம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"ஏனுங்க மாஸ்டர், புத்தி பத்தாத புள்ளையை இந்த வெயில்ல இழுத்துட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

மாஸ்டர் பதறி எழுந்தார். வேலை போய்விடும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"நீங்கதானம்மா அனுப்பி வச்சிய. மாலை போட்டு வரிசையில வந்தாரு. நீங்களே மஞ்சத் தண்ணி ஊத்தி, தொட்டுக் கும்புட்டிய. நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னோம்."

காலையில் தான் கும்பிட்ட கால்களில் ஒரு ஜோடி தம்பியுடையது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்பா மெதுவாகச் சொன்னார்:

"ஆசைப்படறான். நடக்கட்டுமே விடு. நான் பின்னாலேயே காரை மெதுவா ஓட்டிட்டு வர்றேன். முடியலைன்னா ஏத்திக்கலாம்."

அந்த ஒரு நிமிடம் அம்மா யோசித்தார். நான் பார்த்தேன். மாமாவும் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு தலையசைப்பில் சரி என்றிருந்தால் போதும்.

"நாம கார்ல வர, இவன் வேலைக்காரங்களோட வெறுங்கால்ல நடந்தா பாக்கறவங்க என்னங்க சொல்லுவாங்க? பைத்தியந்தானேன்னு நடக்க விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? எங்கப்பன் இவனைப் படுத்தினது பத்தாதா? நானும் படுத்தோணுமா?"

அப்பா போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். மாமா காரில் ஏற மறுத்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகப் பிரித்தும் விடவில்லை. கடைசியில் மாஸ்டர்தான், "கார்லயும் முருகன் வருவாருய்யா. நீங்க முன்னால போயி எடம் போட்டு வையுங்க, நாங்க பின்னாலயே வந்துருதோம்" என்றார். மாமா நம்பிவிட்டார். உடனே ஏறிக்கொண்டார்.

விரதத்தைப் பாதியில் விடக்கூடாதே என்று அப்பா நேராகப் பழனிக்கே ஓட்டினார். அடிவாரத்தில் மாமா படியைப் பார்த்து ஓடினார். அம்மா பிடித்து நிறுத்தி மலைமேல் இழுத்துப்போகும் விஞ்சு வண்டிக்குக் கூட்டிப்போனார். மேலே சிறப்பு வழியில் நல்ல தரிசனம். மாமா சாமியைப் பார்க்கவேயில்லை. திரும்பித் திரும்பிக் கூட்டத்தைத்தான் பார்த்தார். மண்டபத்தில் உட்கார்ந்து துண்டை விரித்துப் பக்கத்தில் எல்லாருக்கும் இடம் போட்டு வைத்தார். அம்மா அந்தத் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் முழுவதையும் அவருக்கு ஊட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் கேட்டுக்குப் பூட்டு வந்தது. மாமாவுக்குச் செக்கிங் டேபிள் பக்கத்தில் குஷன் வைத்த நாற்காலி வந்தது. பனியனில் தொங்கும் பிசிறை வெட்டச் சொல்லிக் கையில் கத்தரி கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் மாமா குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பாத்ரூமில் அவர் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. நான்தான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தண்ணீர் ஊற்றிவிட்டு, "எறும்புக்குக்கூட எந்தம்பிகிட்ட ஆசை பாரு கண்ணு" என்றார். அப்பா மாதம் தவறாமல் தன் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்த வீடு அது. ஏற்கெனவே ஒரு குறையோடு பிறந்தவருக்கு இன்னொரு நோவும் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடையும் ஓட்டமும் மருந்தும் புத்தி உள்ளவர்களுக்கு, இவருக்குச் சோறும் நாற்காலியும் போதும் என்று எல்லாருமே நினைத்திருக்கிறோம்.

காலில் ஆறாத புண் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டி, வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று விசாரித்துவிட்டு, "இத்தனை வருசமா இவரை நடக்க விடாம எதுக்கும்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அம்மா, "நடக்க விட்டா கால் வலிக்குமுங்களே" என்றார். அடுத்த ஆடி வரை மாமா இருக்கவில்லை.

யாரும் அவரை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. முருகன் மேல் எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கும் கிருத்திகை விரதம் இருக்கிறேன். கால் கொடுத்தவன் அவன். உட்கார வைத்தது நாங்கள்.

அந்தக் கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர் சொன்னது இதுதான்: மாமா சிறு பிள்ளை மாதிரி பழனிக்கு நடந்தார், பாதி வழியில் முருகனே கார் அனுப்பி அழைத்துக்கொண்டான், பாக்கியவான். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் படிக்கிற உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்வதானால், இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். அம்மாவைக் கெட்டவராக்க வேண்டாம், மாமாவைச் சாமியாக்கவும் வேண்டாம். திரும்பி வந்த வழியையும் விட்டுவிடாதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பழனியிலிருந்து அதே தாராபுரம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே பச்சை வேட்டிக் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. முன்னால் மாஸ்டர். மாமா கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார். நிறுத்தினால் இறங்கிவிடுவார் என்று அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. கூட்டம் பின்னால் போய் மறைந்ததும் மாமா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். மாமா ஏன் அழுகிறார் என்று கேட்டேன். நடந்த நடைக்குக் கால் வலிக்கிறது, பிடித்துவிடு கண்ணு என்றார் அம்மா. நான் அவர் கால்களை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு திருப்பூர் வரும்வரை அமுக்கிக்கொண்டே வந்தேன். நன்றாக அமுக்கினால் அழுகை நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்தக் கால்களுக்கு அன்றைக்கு வலியே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.