மல்லாட்டை புடுங்கியாச்சா?

ஆரோக்கியமேரி அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் செய்தி எப்படி வந்ததோ தெரியாது. எனக்குக் காலை பத்து மணிக்குக் கோலியனூரிலிருந்து அவர் மகன் போன் செய்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில், அக்காவின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். ஆபத்தான நிலையில் ஒரு கர்ப்பிணியைத் திண்டிவனத்திலிருந்து அனுப்பினால், வண்டி வருவதற்குள் இங்கே படுக்கை, ரத்தம், டாக்டர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் அதோடு நிறுத்திக்கொள்வோம். அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, வண்டி வாசலுக்கு வரும்வரை அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே இருப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மல்லாட்டை புடுங்கியாச்சாம்மா?” வேர்க்கடலை விதைக்கிற மார்கழியிலும் அதையே கேட்பார். நான் கேலி செய்திருக்கிறேன்.

ஒருமுறை இன்னொரு அழைப்பை எடுப்பதற்காகப் பாதி வழியில் போனை வைத்துவிட்டார். அந்தப் பெண் உயிரோடு வந்து சேரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அக்கா ஏற்கவில்லை. “எனக்குப் பதில் சொல்லிக்கினு இருந்திருந்தா, சாவறதுக்கு அவளுக்கு நேரம் இருந்திருக்காது” என்றார்.

அக்காவின் செய்தி வந்த கால்மணி நேரத்தில் திண்டிவனத்திலிருந்து அழைப்பு. திருவக்கரை தேவி, எட்டாம் மாதம், வலிப்பு. படுக்கைக்கும் ரத்தத்துக்கும் சொன்னேன். ஆம்புலன்ஸுக்கு மட்டும் போன் போடவில்லை. அழுதுகொண்டிருந்தேன்; மறந்தே போனேன். வாசலில் சைரன் கேட்டபோதுதான் உறைத்தது. வாசலுக்கு ஓடினேன்.

தேவி கண் விழித்திருந்தாள். “போன்ல பேசிக்கினே வந்தாங்களே, அந்த அக்கா எங்க?” என்றாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். “மல்லாட்டை புடுங்கியாச்சான்னு கேட்டாங்க.”

வண்டியில் கூட வந்தவரை விசாரித்தேன். போனே வரவில்லை, அந்தப் பெண்தான் வழியெல்லாம் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு வந்தாள் என்றார். வலிப்புக்குப் பிறகு அப்படித்தான் உளறுவார்கள் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அக்காவும் தேவியும் அதற்கு முன் பேசியதே இல்லை. தாயும் குழந்தையும் நல்லபடியாக ஊர் திரும்பினார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். வண்டி கிளம்பியதும் இப்போது நானே போன் போட்டுக் கேட்கிறேன். போன வாரம் கூட்டேரிப்பட்டு தாண்டி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடமும் கேட்டேன்.

“இப்பதானேக்கா கேட்டீங்க” என்றாள்.

ஆமாம்மா, திரும்பச் சொல்லு என்றேன். போனை வைக்கவில்லை.