எவலின் நடந்த பத்துக் கிலோமீட்டர்

எவலின் லூயிஸ் என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர் சிவனேஸ்வரன். பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக மண்டபச் சுவரில் ஒரு பலகை வைக்க ஏற்பாடாகியிருந்தது. கேமரன் மலையில் பிறந்து பேர் வாங்கியவர்களின் படமும் ஆளுக்கு நாலு வரிக் குறிப்பும் அதில் வர வேண்டும். எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. கோலாலம்பூரில் மேடைக் கச்சேரி செய்யும் பாடகர், மாநில ஹாக்கிக் குழுவின் கோல் காவலர், அயர்லாந்தில் இருதய மருத்துவர் என்று ஆறு பேர் தேறினார்கள். அவர்களில் ஐந்து பேர் மலையைவிட்டு இறங்கிப் பல வருஷமாகிவிட்டது. படங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள்.

"ஆறாவது ஆளு இங்கதான் இருக்காங்க டீச்சர். நடைப் போட்டி வீராங்கனை. நீங்களே ஒரு தடவை போய்ப் பார்த்துடுங்க. ஆனா பழசெல்லாம் ரொம்பக் கிண்ட வேணாம்," என்றார்.

என்ன பழசு என்று நான் கேட்கவில்லை. தைப்பிங்கிலிருந்து மாற்றலாகி வந்து எனக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எவலினுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் கடையில் மேசை துடைத்து, கோப்பை கழுவும் வேலை. உயரமானவர். தட்டை ஏந்திக்கொண்டு மேசைகளுக்கு நடுவே போகும்போது உடம்பு ஆடவே ஆடாது. வேலை முடிந்ததும் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அந்த லைனில் பன்னிரண்டு வீடுகள். எவலின் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் பங்களாதேசிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் கொழுந்து வெட்ட வந்தவர்கள் இருக்கும் வீடுகள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன.

"நல்ல மனுசங்கதான் டீச்சர். நோம்புப் பெருநாளுக்குச் சோறு குடுத்து அனுப்புவாங்க. பேசுறதுக்குத்தான் ஆளில்ல," என்றார், அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே.

அவர் தன் கதையைத் தயங்காமல் சொன்னார். அப்பா லூயிஸ் பச்சைக் கொழுந்து ஏற்றும் லோரியின் டிரைவர். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பதினாலு வயதில் பள்ளி விளையாட்டுப் போட்டியில், ஓட்டத்துக்கு ஆள் நிறைய இருந்ததால், எவலினை நடைப் போட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். முதலாவதாக வந்தார். அதன் பிறகு தினமும் விடிந்ததும் தோட்டத்துச் சாலையில் நடந்தார். இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கும் அந்த நடையைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லுவார். மாநிலப் போட்டிகளில் இரண்டு தங்கம் வந்தபோது சிரிப்பு நின்றது. கோலாலம்பூருக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். இருபத்து நான்காவது வயதில், அண்டை நாடுகளெல்லாம் கலந்துகொண்ட ஒரு பெரிய போட்டியில், பத்துக் கிலோமீட்டர் நடைக்கு நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அதோடு நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றினார். நானும் எழுதுவதை நிறுத்தினேன்.

"அப்புறம் ஏங்க்கா நடையை விட்டுட்டீங்க?"

எவலின் என்னையே பார்த்தார். தேநீர் கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்லக்கா."

"இருபத்தெட்டு வருசத்துல இந்தக் கேள்வியை என்னைக் கேட்ட மொதல் ஆளு நீங்கதான்," என்றார்.

போட்டி நாளன்று ஜனமெல்லாம் தோட்டத்து மண்டபத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததாம். எவலின் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நடைப் போட்டியில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் தூக்கினால் அது ஓட்டம். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். எவலினுக்கு முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மூன்றாவது அட்டை விழுந்தது. தலைமை நடுவர் முன்னால் வந்து சிவப்புத் தட்டியைக் காட்டினார். மண்டபத்தில் யாரோ டிவியை அணைத்தார்கள்.

"ஊருக்குத் திரும்பி வந்தப்ப அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாரு. சாப்பிட்டியான்னு கேட்டாரு. லோரியில ஏறினப்புறம், அந்த ஜட்ஜு கண்ணு அவிஞ்சவன், உன்னை ஏமாத்திட்டான்னாரு. தோட்டமே அதையேதான் நம்புச்சு. எம் மனசு நோகும்னு அதைப் பத்தி எங்கிட்ட யாருமே பேசல. நான் வந்தா பேச்சை மாத்திருவாங்க."

"நிஜமாவே ஏமாத்திட்டாங்களா?"

"இல்ல டீச்சர். நான் ஓடுனேன்." குரல் மாறவில்லை. "வழியோரத்துல அட்டைக் கணக்கு போடுற பலகையில என் நம்பருக்கு நேரா ரெண்டு சிவப்பு இருந்துச்சு. பார்த்தேன். பின்னால வர்ற பொண்ணோட மூச்சு காதுல கேட்டுச்சு. ஓடுனா என்னன்னு தோணுச்சு. ஒரு ஏழெட்டு எட்டுதான். தெரிஞ்சேதான் ஓடுனேன்."

லூயிஸும் அவருடைய கூட்டாளி கந்தசாமியும் போட்டி நடத்தியவர்களுக்கு இரண்டு வருஷம் முறையீட்டுக் கடிதங்கள் எழுதினார்கள். கந்தசாமி தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மலாயிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதுவார், லூயிஸ் கையெழுத்துப் போடுவார். பதிலே வரவில்லை. எவலின் ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னு வாயைத் தொறப்பேன். அப்பா மொகத்தைப் பார்த்தா முடியாது லா. நெஞ்சு சளியில கெடந்து சாகுற வாரம்கூட அந்த ஜட்ஜைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு."

அப்பா போன பிறகு கந்தசாமி ஒருவர்தான் வந்து போகிற மனிதர். ரிங்லெட்டில் மகன் வீட்டில் இருக்கும் அவர், எண்பதை நெருங்கும் வயதிலும் ஞாயிறு தவறாமல் மோட்டாரில் வந்து பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

நான் கிளம்பும்போது எவலின், "அதையும் சேர்த்தே எழுதுங்க," என்றார். எழுதினேன். சிவனேஸ்வரன் படித்துவிட்டு அந்த வரியை அடித்தார். "விழாவுல போய் யாராவது இதைப் போடுவாங்களா டீச்சர்? மரியாதையா ரெண்டு தங்கத்தோட நிறுத்துங்க." நான் எதிர்த்துப் பேசவில்லை. அது என் தவறு.

விழாவுக்கு எவலின் வெள்ளைச் சேலை கட்டி வந்தார். பலகையைத் திறந்ததும் தன் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். பெரியவர்கள் பேசி முடித்ததும் கந்தசாமி மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எங்க லூயிஸ் மக உலகமே பார்க்க நடந்தா. அந்த ஜட்ஜு மட்டும் நேர்மையா நடந்திருந்தா, இங்க இன்னொரு தங்கமும் சேர்த்து எழுதியிருப்பாங்க. அன்னிக்கு நம்ம புள்ளைய..."

கைதட்டல் எழுந்தது. எவலின் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

"போதும் மாமா. அந்த ஆளு சரியாத்தான் செஞ்சாரு. என் காலு ரெண்டும் தரையில இல்ல. எனக்கே தெரியும்."

மைக் இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்டது. கந்தசாமி மைக்கைப் பிடித்தபடி நின்றார். சிவனேஸ்வரன் அவசரமாக நடனப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார். பாட்டு போட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் எவலின் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. நான் போய் உட்கார்ந்தேன். தட்டில் இருந்த அரிசிச் சேமியாவைக் காட்டி, "மீகூன் நல்லாருக்கு," என்றார்.

அடுத்த ஞாயிறு கந்தசாமி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எவலின் இரண்டு பேருக்கு ஆக்கிவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பையன்களுக்குக் கொடுத்தாராம். கிறிஸ்மஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு ரிங்லெட்டுக்குப் போனார். மருமகள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, மாமா தூங்குகிறார் என்றாள். அவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது சன்னல் வழியே தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் அவராக வந்தார். எவலின் அன்று மாலையே எனக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டு வருசம் எழுதுனோம் எவலின். தூக்கத்துலகூட இங்கிலீசு தேடிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாராம்.

"தெரியும் மாமா."

"உங்கப்பன் செத்தப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்களும் வரமாட்டீங்கன்னு பயம்."

கந்தசாமி தேநீரைக் குடித்தார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தார்.

இப்போது மாதம் ஒரு முறை, எந்த நாள் என்றில்லாமல், வருகிறார். மகனைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகிறார். நானும் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். போன ஜனவரியில் எனக்கு மறுபடியும் மாற்றல் வந்தது. பலகையில் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கடைசி நாளிலும் கேட்டுப் பார்த்தேன். அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்க்கலாம் என்றார் சிவனேஸ்வரன்.

போன வாரம் போனில், சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்று எவலினைக் கேட்டேன்.

"இல்ல டீச்சர். இப்ப தூக்கம் வருது. ஆனா ஞாயித்துக்கெழமைதான் ரொம்ப நீளமா இருக்கு," என்றார். பிறகு, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இங்கே மூன்று நாளாக விடவில்லை என்றார்.